கோதுமை இல்லாத அடுப்படி: ஆச்சியிடம் கேட்டவையும் பதில்களும்

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஐந்து வயதில் சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவள் குடலுக்கு ஆகாது. ஏழு வருஷமாகக் காரைக்குடியில் எங்கள் வீட்டு அடுப்படி அவளை வைத்துத்தான் நடக்கிறது. அதனால் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆச்சி, சப்பாத்தி சாப்பிட்டால் என் மகனுக்கு வயிறு உப்புகிறது. நாளையிலிருந்தே கோதுமையை நிறுத்திவிடட்டுமா? (தேவகோட்டை)

அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள் அம்மா. முதலில் டாக்டரிடம் போங்கள். சீலியாக் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திச் சில மாதம் ஆனபிறகு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடலாம். அப்புறம் பரிசோதனைக்காகப் பிள்ளைக்கு மறுபடியும் கோதுமை கொடுக்கவேண்டி வரும். அது பெரிய வேதனை.

கவுனி அரிசியை இணையத்தில் 'குளூட்டினஸ் ரைஸ்' என்று போட்டிருக்கிறார்களே, கொடுக்கலாமா? (பள்ளத்தூர்)

தாராளமாகக் கொடுக்கலாம். அந்தப் பெயர் அரிசி பசையாக ஒட்டுவதைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒட்டுவதற்குக் காரணம் அதிலுள்ள மாவுச்சத்து. எந்த அரிசியிலும் குளூட்டன் கிடையாது. பர்மாவுக்குப் போன நம் செட்டிநாட்டு ஆட்கள் கொண்டுவந்த அரிசி, இன்றைக்கும் நம் விருந்தில் முதல் இனிப்பு. ராத்திரியே ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு குக்கரில் நன்றாகக் குழைய வேகவிட்டு, சூட்டோடு மசித்துச் சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேருங்கள். சர்க்கரையை முன்னாலேயே போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும்.

வீட்டில் மைதா, ரவை, சேமியா எதுவுமே இல்லை. ஆனாலும் குழந்தைக்கு மாதம் ஒரு தடவை வயிறு கெடுகிறது. எங்கே தப்பு? (கானாடுகாத்தான்)

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மூன்று மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், ரசத்துக்குப் போடும் பெருங்காயம்! டப்பாவைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொடி எழுத்தில் படித்தேன்: கோதுமை மாவு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மாவு சேர்ப்பது வழக்கம். கட்டியோ தூளோ, இரண்டிலும் இருக்கலாம். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பெருங்காயமே வேண்டாம். பூண்டையும் சீரகத்தையும் தட்டிப் போட்டாலே ரசம் மணக்கும்.

இரண்டாவது, மாவு மில். நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். அந்த மாவு இயந்திரத்தின் உள்ளே ஒட்டியிருக்கும், நம் அரிசியோடு சேர்ந்து வந்துவிடும். நான் மில்லுக்குப் போவதை விட்டுவிட்டேன். பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, வடித்து, வீட்டு நடுவிலுள்ள வளவில் வெள்ளைத் துணி விரித்து நிழலில் உலர்த்துவேன். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் மிக்ஸியில் போட்டால் மாவு பஞ்சுபோல வரும்.

மூன்றாவது, சல்லடை. இதை யாரும் நினைப்பதே இல்லை. முன்பு மைதா சலித்த சல்லடையின் கண்ணில் மாவு அடைத்துக்கொண்டு நிற்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது. புதிதாக ஒன்று வாங்கி, பிடியில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். சப்பாத்திக் கட்டையும் அப்படித்தான், மரத்தின் கீறலில் மாவு தங்கும்.

பாக்கெட் பொருளில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட நம் நாட்டில் சட்ட வரம்பு இருக்கிறது: ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அந்த அளவே எவ்வளவு சின்னது என்று பாருங்கள். சல்லடைக்கு ஏன் இத்தனை பேசுகிறேன் என்பது புரியும்.

வெள்ளைப் பணியாரம் எனக்கு எண்ணெய் குடித்துவிடுகிறது ஆச்சி. (சிங்கப்பூர்)

மாவில் தண்ணீர் கூடிவிட்டது, இல்லையென்றால் உளுந்து. நம் வீடுகளில் அளக்கும் முறை தெரியும்தானே? ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதே டம்ளரில் அரிசியின் மேல் கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் சேர்த்து இரண்டு மணிநேரம் ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வெண்ணெய்போல அரையுங்கள். உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு கரண்டி பால். கரண்டியில் எடுத்து ஊற்றினால் அறுந்து விழாமல் வழிய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று ஊற்றுங்கள். அடியில் போய்த் தானாக மேலே எழும்பி வரும்வரை தொடாதீர்கள். வந்ததும் மேலே எண்ணெயை வாரிவிட்டு, திருப்பி, நிறம் மாறுமுன் எடுத்துவிடுங்கள். வரமிளகாய்த் துவையல் தொட்டுக்கொள்ள. பூரி பொரித்த எண்ணெயில் மட்டும் இதைச் செய்யவே கூடாது.

மைதா இல்லாமல் கேக் செய்தால் மணலாக உதிர்கிறது. (கோயம்புத்தூர்)

மைதாவில் குளூட்டன் வலைபோலப் பின்னிக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. அரிசி மாவிலும் கேழ்வரகிலும் அந்த வலை இல்லை. அந்த வேலையை வேறு ஏதாவது செய்ய வேண்டும். இட்லியில் உளுந்தின் வழுவழுப்பு செய்கிறது. கேக்கில் முட்டையும், ஈரம் பட்டால் வழுவழுக்கும் இசப்கோல் என்ற விதை உமியும் செய்யும்.

என் பேத்தியின் பிறந்தநாள் கேக்: கேழ்வரகு மாவு 100 கிராம், அரிசி மாவு 50 கிராம், முட்டை 3, வெண்ணெய் 100 கிராம், நாட்டுச்சர்க்கரை 120 கிராம், பால் 100 மில்லி, இசப்கோல் ஒரு தேக்கரண்டி. வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாக அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மற்றவற்றைக் கலந்து அரைமணிநேரம் மூடிவையுங்கள். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். இந்த அரைமணியை விட்டால் நாக்கில் நறநறக்கும். ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடரைக் கடைசியில் கலந்து, 170 டிகிரியில் 35 நிமிஷம். குச்சி சுத்தமாக வந்தால் வெந்தது. முழுக்க ஆறுமுன் வெட்டாதீர்கள். பேத்தி பக்கத்திலேயே நின்று "ஆயா, ஆறிடுச்சா?" என்று பத்துத் தடவை கேட்பாள், அப்போதும் கத்தியை எடுக்க மாட்டேன்.

பார்லிக் கஞ்சி, ஓட்ஸ்? (புதுவயல்)

பார்லி கூடவே கூடாது, முளைகட்டிய பார்லியில் வரும் மால்ட் சேர்த்த பானமும் அப்படியே. ஓட்ஸில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். குளூட்டன் இல்லை என்று தனியாகச் சான்று போட்டதை மட்டும், அதுவும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். கம்பு, சோளம், தினை, வரகு, சாமை எல்லாம் சரி.

கல்யாண வீட்டில் என்ன செய்கிறீர்கள்? (கோனாப்பட்டு)

முதல்நாளே சமையல்காரரைப் பார்த்துப் பேசிவிடுவேன். நம் பந்தியில் இவளுக்கு ஆகிற பண்டம் நிறையவே உண்டு: இடியாப்பம், கவுனி அரிசி, பால் பணியாரம், உளுந்து மாவில் கிண்டும் கும்மாயம். ரங்கோன் புட்டு ரவையில் செய்வது, அது இலைக்கே வரக் கூடாது. சீயத்துக்கு மேல்மாவில் இப்போது சிலர் மைதா சேர்க்கிறார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெருங்காயம் போட்ட சாம்பாரும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பரிமாறுகிறவர் ரங்கோன் புட்டு வாளியில் போட்ட கரண்டியையே கவுனி அரிசிக்கும் எடுப்பார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால் பந்தி தொடங்குமுன்னே, வாளி வெளியே வருவதற்குள், வீட்டிலிருந்து கொண்டுபோன தூக்கில் அவள் பங்கை வாங்கிவைத்துக்கொள்கிறேன். கரண்டியும் என்னுடையதுதான்.