சென்னை – டொராண்டோ: தூரத்தை விடுங்கள், இடைவெளியைக் கவனியுங்கள்

தம்பி, சென்னையிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் பணம் மிச்சமாகிறது, துபாயில் இரண்டு மணி நேர இடைவெளி போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாடகை, வேலை பற்றியெல்லாம் நீங்கள் வந்து சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்த்தூரம் ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். அந்தக் கோடு ஆர்க்டிக் வட்டத்துக்குள் புகுந்து வருகிறது. அவ்வழியே நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாக வந்தால் சுமார் 14,000 கிலோமீட்டர். முதலில் நான்கு மணி நேரம், பிறகு பதினான்கு மணி நேரம் பறக்க வேண்டும். நம்மவர்களில் சிலர் இந்தப் பதினெட்டை மட்டும் சொல்லி, காத்திருக்கும் நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புதிதாக வருபவரிடம் அப்படிச் சொல்வது பெரிய தவறு என்பேன். டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு அதே நாள் மாலை 4 மணிக்கு இறங்குவதாக இருந்தால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்து, அது இருபத்திரண்டரை மணி நேரப் பயணம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. தனித்தனி டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டு விமானங்களுக்கும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்) என்றால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும், உங்களை வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க இமிகிரேஷனைத் தாண்ட வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம்.

நான் முதன்முதலில் வந்தபோது இப்படித்தான் இரண்டு டிக்கெட்டுகளோடு கிளம்பினேன். முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதமாக இறங்கியது. நான் ஓடிச் சென்று சேர்ந்தபோது கவுண்டரில் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பி, என் பெயருக்கு எதிரே இருந்த குறியைக் காட்டினார். புது டிக்கெட்டுக்குக் கொடுத்தது, முதல் மாத வாடகைக்கென்று என் அக்கா கடன் வாங்கித் தந்த பணம். பெட்டியோ மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது; கோட்டும் கையுறையும் அதற்குள்தான் இருந்தன.

அன்றிலிருந்து ஒரு கோட்டு, ஒரு மாற்றுடை, மருந்து, கல்லூரிக் கடிதத்தின் அசல் எல்லாவற்றையும் கைப்பையில்தான் வைத்துக்கொள்கிறேன். நீங்களும் ஸ்டடி பெர்மிட் (கனடாவில் படிப்பதற்கான அனுமதி) ஒப்புதல் கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இறங்கியதும் எல்லை அதிகாரி அதைப் பார்த்துத்தான் பெர்மிட் தருவார். இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் நான் டிக்கெட் எடுப்பதில்லை. இத்தனை ஆண்டுகளில் அதன் பிறகு ஒரு விமானத்தையும் தவறவிட்டதில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த ஜனவரி இரவில் அரைக்கைச் சட்டையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் தம் கையுறைகளைக் கழற்றி என்னிடம் நீட்டி, "போடுங்கோ தம்பி, விரல் விறைச்சுப் போகும்" என்றார். உள்ளே அவர் கையின் சூடு இன்னும் இருந்தது.