பகல் தூக்கத்தின் காரணம் இரவில் இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 49. ஆறு ஆண்டுகளாக இடுப்புவலி. இடது காலுக்கும் இறங்குகிறது. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நரம்பு வலிக்காகக் காலையும் இரவும் பிரிகாபலின் 75 மி.கி. சாப்பிடுகிறேன். வலி தாங்க முடியாத நாட்களில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, இரவில் டிரமடால். இடையிடையே டைக்ளோஃபினாக். தூக்கம் வராவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அலர்ஜி மாத்திரை. மதியத்துக்குப் பிறகு கணினி முன் கண் சொருகுகிறது. சென்ற மாதம் சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றபடியே ஒரு கணம் கண் அயர்ந்துவிட்டேன். பெயர்கள் மறக்கின்றன. உறங்கப் போகும்போது உடம்பு தூக்கிப் போடுகிறது. விடியற்காலையில் கை மரத்துப் போகிறது. நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நரம்பு நோய்), மூளைக்கட்டி, மறதிநோய் என்று இணையத்தில் ஏதேதோ படித்துப் பயந்துபோயிருக்கிறேன். என் குறட்டை திடீரென நின்று, பிறகு திணறலோடு மறுபடி தொடங்குவதாகக் கணவர் கேலி செய்கிறார். வேலையை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: வேலையை விடாதீர்கள். ஒரு பரிசோதனை முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்கள் கணவரின் கேலிதான். குறட்டை நிற்கிறது, சற்று நேரம் சத்தமே இல்லை, பிறகு திணறிக்கொண்டு மூச்சு திரும்புகிறது. இது சிரிக்க வேண்டிய விஷயம் அல்ல என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடைக்கு, அதாவது ஸ்லீப் ஆப்னியாவுக்கு, இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி, உங்களை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. காலையில் உங்களுக்கு எதுவும் நினைவிருக்காது.

பத்து வினாடியாவது நீடிக்கும் இத்தகைய தடைகள் மணிக்கு 5-க்குக் குறைவாக இருந்தால் கவலை இல்லை. 30-ஐ எட்டிவிட்டால் கடுமையான நிலை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூளை விழித்துக்கொள்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தாலும் உறங்கியவர் ஆகமாட்டார். மறுநாள் மதியம் கண் சொருகாமல் என்ன செய்யும்? வலியும் கூடும். ஆழ்ந்த உறக்கம் கிடைக்காதபோது வலியைத் தாங்கும் எல்லை இறங்கிவிடுகிறது. வலி கூடினால் உறக்கம் கெடுகிறது. ஆறு ஆண்டுகளாக இந்தச் சுற்றுக்குள் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

இது பருமனான ஆண்களுக்கு வரும் நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள், சில மருத்துவர்கள்கூட. மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிப் பெண்களிடமும் இது அதிகரிக்கிறது. பெண்கள் பெரும்பாலும் குறட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. அசதி, தூக்கமின்மை, காலைத் தலைவலி என்று சொல்வதால், இரத்தசோகை என்றும் மனச்சோர்வு என்றும் முடிவுகட்டி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இனி மாத்திரைகளுக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிகாபலின் மயக்கம் தரும். டிரமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மருந்து; அதுவும் மயக்கம் தரும், மூச்சு விடும் உந்துதலையும் குறைக்கும். இந்த இரண்டின் மேல் பழைய வகை அலர்ஜி மாத்திரை ஒன்றைத் தூக்கத்துக்காகப் போட்டுக்கொள்கிறீர்கள். அந்த மாத்திரையின் வேகம் மறுநாள் பிற்பகல்வரை உடலில் தங்கும். பிரிகாபலின் வகை மருந்துகளை ஓபியாய்டுகளோடும் மயக்கம் தரும் பிற மருந்துகளோடும் சேர்த்தால் மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே இரவில் மூச்சு நிற்கும் ஒருவர் இந்த மூன்றையும் ஒரே இரவில் விழுங்குவதை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. கடைக்காரர் கேட்டதைக் கொடுப்பார். உங்கள் மூச்சுக்கு அவர் பொறுப்பு ஏற்கமாட்டார்.

ஆகவே அலர்ஜி மாத்திரையை இன்றிரவே நிறுத்துங்கள். டிரமடாலையும், உங்கள் மருத்துவரைப் பார்க்கும்வரை தொடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே சாப்பிடுவதால் நிறுத்துவதில் சிக்கல் வராது. வலி மிகுந்தால், கல்லீரல் கோளாறு இல்லாதவர் என்றால், பாராசிட்டமால் 650 மி.கி. எட்டு மணி நேர இடைவெளியில் போதும். பிரிகாபலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைத் திடீரென நிறுத்தினால் பதற்றமும் தூக்கமின்மையும் வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். குறைப்பதாக இருந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். எப்போதாவது உங்களை எழுப்பவே முடியாமல், மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலம் பூத்தால், வீட்டில் இருப்பவர்கள் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

டைக்ளோஃபினாக்கைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். வலி நிவாரணிகளில் அந்த வகை நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. பிரிகாபலின் உடலை விட்டு வெளியேறுவதே சிறுநீரகம் வழியாகத்தான். சிறுநீரகம் தளர்ந்தால், முன்பு ஒத்துக்கொண்ட அதே 75 மி.கி. இப்போது உடலில் தேங்கி உங்களைச் சாய்த்துவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை கட்டாயம் தேவை. கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடலாம்.

மற்ற பயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உறங்கத் தொடங்கும்போது உடம்பு தூக்கிப் போடுவது பெரும்பாலோருக்கு உண்டு, நோய் அல்ல. விடியற்காலைக் கை மரத்தல் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் வருவது. இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிந்து பாருங்கள். நார்கோலெப்சி பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளிலோ தலைகாட்டும். 49 வயதில் அதை முதலில் சந்தேகிக்கமாட்டேன். பெயர் மறப்பதைக் கண்டு மறதிநோய் என்று பயப்பட வேண்டாம். உறங்காத மூளை எதையும் சரியாகப் பதிந்து வைக்காது, பிரிகாபலினும் கவனத்தை மழுக்கும். நீங்கள் எழுதியதில் மூளைக்கட்டியை நினைக்க வைக்கும் எதுவும் இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு அறிகுறிகளைத் தேடிப் படிப்பதை நிறுத்துங்கள், அந்த நேரத்துக்கு உறங்கலாம். இடுப்பைப் பொறுத்தவரை ஒன்று மட்டும்: கால் பலவீனமானாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்கூட்டரை இன்றே ஓரம் கட்டுங்கள். பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் அளவுகோல் என்று ஒன்று உண்டு. எட்டுக் கேள்விகள், மொத்தம் 24 மதிப்பெண், 10-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாகனம் சில நிமிடம் நின்றிருக்கும்போது கண் அயர்வீர்களா என்பது அதில் கடைசிக் கேள்வி. அதற்கு நீங்கள் ஏற்கெனவே சாலையில் விடை சொல்லிவிட்டீர்கள். அன்று சிக்னலில் நின்றிருந்ததால் பிழைத்தீர்கள். ஓடும் வண்டியில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தூக்கப் பரிசோதனையை மருத்துவமனையில் ஓரிரவு தங்கியும் செய்யலாம்; சிறிய கருவியைக் கொடுத்து வீட்டிலேயே செய்வதும் உண்டு. ஓபியாய்டு சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவமனைப் பரிசோதனையே நல்லது என்பேன். மூச்சுத்தடை உறுதியானால், முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்தே வைக்கும் சிபாப் கருவி இருக்கிறது. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் குழு இந்த முறையை வெளியிட்டது. இன்றும் முதன்மைச் சிகிச்சை அதுவே. முதல் சில வாரங்கள் எரிச்சலாக இருக்கும். அந்தக் கட்டத்தில் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நீங்கள் எறியாதீர்கள்; முகமூடியின் அளவை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பகல் மயக்கத்துக்குக் காலை நேரப் பிரிகாபலினைக் குறைத்து இரவுக்கு மாற்றுவது வழக்கமான யோசனை. உங்கள் விஷயத்தில் தூக்கப் பரிசோதனைக்கு முன் அதைச் செய்யக் கூடாது. இரவில் மயக்கத்தைக் கூட்டினால் மூச்சுத்தடை மோசமாகும். அதுவரை ஒருக்களித்துப் படுங்கள்.

அலுவலகத்தில் தொகை சரிபார்ப்பது போன்ற கவனம் கேட்கும் வேலைகளை முற்பகலில் முடியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். இடுப்புக்கும் அதுதான் மருந்து. மதிய இடைவேளையில் 20 நிமிடம் கண்மூடிக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். காப்பியோ தேநீரோ பிற்பகல் இரண்டு மணியோடு நிற்கட்டும். சாப்பிட்ட காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மேலாளரிடம் "உடம்பு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். சோம்பல் என்று அவர் எடுத்துக்கொள்ள அது இடம் கொடுக்கும். சிகிச்சை நடக்கிறது, இன்ன மாற்றங்கள் இத்தனை வாரத்துக்கு வேண்டும் என்று மருத்துவரின் கடிதத்தோடு கேளுங்கள்.

இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், அலர்ஜி மாத்திரை உட்பட, எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் உறங்கும்போது கணவர் கைப்பேசியில் சில நிமிடம் பதிவு செய்யட்டும். அவரும் உடன் வரட்டும். மூச்சு எத்தனை நேரம் நிற்கிறது என்பதற்கு மருத்துவர் அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.