உலாவியை மாற்றும்போது ஊரார் சாவிக்கொத்தையும் சுமக்காதீர்கள்

கேள்வி: திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் ஏழு ஆண்டுகளாக ஆன்லைன் சேவைக் கடை நடத்தி வருகிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ரயில் டிக்கெட், தேர்வு விண்ணப்பம் என்று எல்லாமே குரோம் உலாவியில்தான் செய்கிறேன். இப்போது கணினி ஊர்கிறது. திரையின் வலது ஓரத்தில் விளம்பரங்கள் ஓயாமல் எட்டிப் பார்க்கின்றன. ஃபயர்பாக்ஸுக்கு மாறிவிடச் சொல்கிறான் மகன். சேர்த்துவைத்த புக்மார்க்குகளும், வாடிக்கையாளர்களுடையதும் சேர்த்து முந்நூறுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒன்றுகூட விடுபடாமல் மாறுவது எப்படி? கடையில் விண்டோஸ் 7 உள்ள பழைய கணினி ஒன்றும் இருக்கிறது. அதிலும் மாற்றலாமா? - வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: சகோதரி, புக்மார்க் பற்றிய பயத்தை இந்த வரியோடு விட்டுவிடலாம். அவை பத்து நிமிடத்தில் புது இடத்துக்கு வந்துவிடும். என்னை உறுத்துவது உங்கள் கடிதத்தில் உள்ள 'வாடிக்கையாளர்களுடையதும் சேர்த்து' என்ற சொற்கள்தான். ஒன்றுகூட விடுபடக் கூடாது என்கிறீர்கள். விட்டே ஆக வேண்டியவை அந்த முந்நூறில் பாதிக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன்.

முதலில், மாறினால் வேகம் கூடுமா? இதில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை. ஒரு தளத்தில் உள்ள தீய நிரல் பக்கத்து டேப்பின் தகவலைத் திருடாமல் இருப்பதற்காக, குரோம் 2018 முதல் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டுகிறது. ஃபயர்பாக்ஸும் 2021-இல் அதே வழிக்கு வந்தது. எனவே இருபது டேப்களைத் திறந்துவைத்தால் இரண்டுமே நினைவகத்தை விழுங்கும். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (உலாவியோடு ஒட்டவைக்கும் துணை நிரல்) எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்ற பட்டியல் திறக்கும். என்றோ யாரோ போட்டுவிட்டுப் போன பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி போன்ற எக்ஸ்டென்ஷன்கள் அங்கே பல்லிளிக்கும். அவற்றை நீக்கிய பிறகும் ஊர்ந்தால், கணினியில் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் எந்த உலாவிக்கு மாறினாலும் பெரிய வித்தியாசம் இராது. அந்த டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துவதுதான் வைத்தியம்.

வலது ஓரத்து விளம்பரங்கள் பெரும்பாலும் வைரஸ் அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டபோது, வேலை அவசரத்தில் 'அனுமதி' என்று அழுத்தியிருப்பீர்கள். குரோம் அமைப்புகளில் தள அனுமதிகளுக்குள் 'அறிவிப்புகள்' பகுதியைத் திறந்து, தெரியாத பெயர்கள் அனைத்தையும் நீக்கினால் இன்றே நின்றுவிடும். இந்த அனுமதிகள் ஃபயர்பாக்ஸுக்குக் கூடவே வருவதில்லை. ஆனால் அங்கும் அதே பொத்தானை அழுத்தினால் அதே கதைதான். ஃபயர்பாக்ஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில், அறிவிப்புக் கோரிக்கைகளையே மொத்தமாகத் தடுக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. முதல் நாளே அதில் டிக் போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் மகன் சொல்வதைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். எட்ஜ், பிரேவ், ஓபரா ஆகியவை எல்லாம் குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மீது கட்டியவை. எட்ஜ்கூட 2020 ஜனவரியில் அதற்கு மாறிவிட்டது. விண்டோஸில், பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் சொந்த எஞ்சினோடு நிற்கும் பெரிய உலாவி ஃபயர்பாக்ஸ்தான். விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் அதில் முழு வலுவோடு ஓடுகிறது. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியபின் அங்கே அதன் முழு வடிவத்துக்கு இடமில்லை. கடை நடத்துபவருக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சேமித்த கடவுச்சொற்கள் மொத்தத்துக்கும் ஃபயர்பாக்ஸில் ஒரு முதன்மைக் கடவுச்சொல் வைத்துப் பூட்டலாம். நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் உதவிக்கு இருக்கும் பையனோ, அவசரத்துக்கு விசைப்பலகையைத் தொடும் வாடிக்கையாளரோ அந்தப் பட்டியலைத் திறக்க முடியாது. ஆனால் உலாவியைத் திறந்தபின் ஒருமுறை அதை இட்டால், மூடும்வரை பூட்டு திறந்தே இருக்கும். எழுந்து போகும்போது உலாவியை மூடிவிட்டுப் போங்கள். அந்த ஒரு சொல்லை மறந்தால் மீட்க வழியே இல்லை, உள்ளே இருப்பவை போனவைதான். ஒரு தாளில் எழுதி, கடையில் அல்லாமல், வீட்டு பீரோவில் வையுங்கள்.

இனி மாற்றும் வேலை. ஃபயர்பாக்ஸை, அதைத் தயாரிக்கும் மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடல் முடிவின் உச்சியில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். நிறுவியதும் மூன்று கோட்டு மெனுவில் அமைப்புகளைத் திறந்து, 'பொது' பகுதியில் வேறு உலாவியின் தரவை இறக்கும் பொத்தானை அழுத்தினால் புக்மார்க்குகளும் பார்த்த தளங்களின் வரலாறும் வந்துவிடும். வராவிட்டால் குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவிலிருந்து புக்மார்க்குகளை ஒரு கோப்பாக எடுத்து, ஃபயர்பாக்ஸில் ஏற்றிக்கொள்ளலாம்.

கடவுச்சொற்களுக்குத்தான் நிதானம் தேவை. குரோம் அண்மைக் காலத்தில் விண்டோஸில் தன் பூட்டை இறுக்கியிருப்பதால், பிற உலாவிகள் அவற்றை நேரடியாக எடுப்பது பல கணினிகளில் நடப்பதில்லை. குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரில் அமைப்புகளுக்குப் போய் எக்ஸ்போர்ட் கொடுத்து, கிடைக்கும் சிஎஸ்வி கோப்பை ஃபயர்பாக்ஸில் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பில் எந்தப் பூட்டும் கிடையாது. தளத்தின் பெயர், முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும்.

சிம்மக்கல் பக்கம் ஒரு கடைக்குப் பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். உலாவி மாற்றியவர் அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்தபடியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்டூலில் ஒரு பெரியவர் முதியோர் உதவித்தொகை மனுவுக்காகக் காத்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே திரையில், அந்தத் தெருவில் பாதிப் பேருடைய கடவுச்சொற்கள் வரிசையாக நின்றன. பெயரும் 123-ம், பெயரும் பிறந்த ஆண்டும், இல்லாவிட்டால் வெறும் கைபேசி எண். அந்தப் பெரியவருடைய வரியும் அதில் இருந்தது. நான் போய்த் திரையை அணைத்தேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

அதனால் அந்தக் கோப்பை டெஸ்க்டாப்பில் சேமிக்காதீர்கள். விண்டோஸ் பல கணினிகளில் டெஸ்க்டாப்பை அப்படியே மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இங்கே அழித்தாலும் அங்கே குப்பைக்கூடையில் கிடக்கும். டி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு வையுங்கள். எக்செல்லில் திறந்து சேமிக்கவும் வேண்டாம். பூஜ்யத்தில் தொடங்கும் கடவுச்சொல்லின் பூஜ்யத்தை அது தின்றுவிடும், நீண்ட எண்ணை உருமாற்றிவிடும். நோட்பேடில் திறங்கள். ஒரு வரிக்கு ஒரு கணக்கு. தலைப்பு வரியை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, உங்களுடையது அல்லாத வரியை அழித்துக்கொண்டே வாருங்கள். எஞ்சுவதை மட்டும் ஃபயர்பாக்ஸில் ஏற்றுங்கள். ஏறிவிட்டதைச் சரிபார்த்ததும் ஷிஃப்ட், டெலீட் சேர்த்து அழுத்தினால் குப்பைக்கூடைக்குப் போகாமலே கோப்பு நீங்கும்.

வாடிக்கையாளர் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவர்கள் நம்மை நம்பித்தான் கொடுத்தார்கள், எழுதிவைக்கத் தெரியாதவர்கள் பலர், உண்மைதான். ஆனால் அநேகமாக எல்லாத் தளங்களிலும் கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொண்டு புதுக் கடவுச்சொல் வைத்துவிடலாம். ஆகவே அவர்களுக்கு அவசியம் வேண்டியது நீங்கள் சேமித்த சொல் அல்ல, அந்தக் கணக்கில் அவர்களுடைய சொந்தக் கைபேசி எண் இருப்பதுதான். இங்கேதான் நம் கடைகளில் நடக்கும் பெரிய தவறு இருக்கிறது. விண்ணப்பிப்பவரிடம் போன் இல்லை, சிக்னல் இல்லை என்று கடைக்காரரின் எண்ணையே கொடுத்துப் பதிந்துவிடுகிறோம். பிறகு அந்தப் பிள்ளையின் ஹால் டிக்கெட் தகவலும் வேலைக்கான அழைப்பும் நம் போனுக்கு வருகின்றன. நாம் எண்ணை மாற்றினாலோ கடையை மூடினாலோ அந்தப் பிள்ளைக்கு வாசலே அடைபட்டுவிடும். உங்கள் எண்ணில் பதிந்த கணக்குகளின் பெயர்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் வரும்போது முதல் வேலையாக எண்ணை மாற்றிக்கொடுங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூகுள் கணக்கோடு குரோமை இணைத்திருந்தால், அந்த முந்நூறும் கூகுள் கணக்கிலும் இருக்கும், அதே கணக்கு உள்ள உங்கள் கைபேசியிலும் இருக்கும். கணினியிலிருந்து குரோமை நீக்குவதால் அவை அழியாது. இணைப்பில் இருக்கும்போதே பாஸ்வேர்டு மேனேஜரில் பிறருடையவற்றை அழித்தால்தான் எல்லா இடத்திலிருந்தும் போகும்.

மாறிய முதல் வாரத்தில் சில தளங்கள் முரண்டு பிடிக்கும். பெரும்பாலும் காரணம் அற்பமானது. அரசுத் தளங்கள் பல, ரசீதையும் சான்றிதழையும் புது ஜன்னலில் திறக்கும். அதை ஃபயர்பாக்ஸ் விளம்பரம் என்று எண்ணித் தடுத்துவிடும். முகவரிப் பட்டைக்குக் கீழே தோன்றும் அறிவிப்புப் பட்டையில் அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றால் யூபிளாக்கை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துப் பாருங்கள். ஆனால் பணம் கழிந்ததா என்று வங்கிக் குறுஞ்செய்தியில் பார்க்காமல் இரண்டாம் முறை கட்டிவிடாதீர்கள். அச்செடுக்கும்போது தாளின் மேலும் கீழும் தள முகவரியும் தேதியும் விழுந்தால், பிரிண்ட் பக்கத்தில் தலைப்பு, அடிக்குறிப்புக் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டால் போதும். கைரேகைக் கருவி வேலை செய்யாவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், அதைக் குரோமிலேயே ஓட்டுங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டுமே வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஓரிரு பழைய தளங்களுக்கு எட்ஜில், அந்தப் பழைய உலாவியைப் போலவே பக்கத்தைத் திறக்கும் ஐஇ மோட் இருக்கிறது. ஒருமுறை சேர்த்தால் 30 நாள் நினைவில் வைத்திருக்கும். 2029 வரையாவது அதைத் தொடர்வதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லியிருக்கிறது.

புது உலாவியில் புதுப் பழக்கம் ஒன்றையும் தொடங்குங்கள். வாடிக்கையாளர் வேலை எதுவானாலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தித் திறக்கும் தனிப்பட்ட ஜன்னலில் செய்யுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே நேரத்தில் திறந்திருக்கும் தனிப்பட்ட ஜன்னல்கள் எல்லாம் ஒரே உள்நுழைவைப் பகிர்ந்துகொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. மாரியம்மாளின் வேலை முடிந்து, ஜன்னலை மூடாமல் இன்னொன்றைத் திறந்து பாண்டிக்கு உட்கார்ந்தால், மாரியம்மாளின் கணக்கே திறந்து நிற்கக்கூடும். எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் அடுத்தவருக்குத் திறக்க வேண்டும். இறக்கிய கோப்புகளைத் தனிப்பட்ட ஜன்னல் அழிக்காது. உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை இப்போது திறந்து பாருங்கள், எத்தனை பேருடைய ஆதார் அதில் கிடக்கிறது? ஆதார் பிடிஎஃப்பின் பூட்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். ஊருக்குள் யாருக்கும் அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். தினமும் கடை சாத்துமுன் அந்த ஃபோல்டரைக் காலி செய்யுங்கள்.

விண்டோஸ் 7 கணினியைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் குரோம் 109-ஆம் பதிப்போடு 2023 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸில் 115 ஈஎஸ்ஆர் என்ற பதிப்புதான் அதற்குக் கடைசி. அது ஒரு தற்காலிகக் கம்பு, ஊன்றிக்கொண்டு நெடுந்தூரம் போக முடியாது. அந்தக் கணினியைத் தட்டச்சுக்கும் அச்சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பணமும் ஆதாரும் அதில் வேண்டாம்.

நாள் பார்ப்பதென்றால், பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரி விண்ணப்பக் கூட்டம் தொடங்கிய பிறகு எதையும் தொடாதீர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே மதுரைக்குக் கிளம்பிவிடும் நாட்களில் கடை ஓய்ந்திருக்கும், அதில் ஒரு பிற்பகல் போதும். குரோமை உடனே நீக்க வேண்டாம், ஒரு மாதம் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த மாதத்தில் எதற்காகவெல்லாம் அதற்குத் திரும்பிப் போனீர்கள் என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வழி சொல்கிறேன்.