டிஎல்டி மாத்திரையும் பக்கத்தில் போடும் மற்றதும்: கேள்வி பதில்

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் ஏஆர்டி மையத்தில், அதாவது எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து கொடுக்கும் இடத்தில், மருந்தாளுநர். 14 வருடமாகக் கூட்டு மருந்து எண்ணிக் கொடுக்கிறேன், திரும்பி வரும் டப்பாவில் மிச்சம் எத்தனை என்றும் எண்ணுகிறேன். வந்திருக்கும் கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய டிஎல்டி பற்றித்தான். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த, தினம் ஒன்று போடும் மாத்திரை. நான் பார்த்தவரை இது சாதுவான மாத்திரை. வம்பு வருவது பெரும்பாலும் இதோடு சேர்த்து வேறு எதை விழுங்குகிறோம் என்று எங்களிடம் சொல்லாமல் விடுவதால்தான். கீழே அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, வாரம் ஒரு ஷிப்ட். ராத்திரி 9 மணி மாத்திரையை மறந்து காலை 6 மணிக்கு ஞாபகம் வந்தால் போடலாமா, இல்லை விட்டுவிட்டு ராத்திரி இரண்டாகப் போடவா?

ஞாபகம் வந்த உடனே போடுங்கள் தம்பி. அப்புறம் ராத்திரி 9 மணிக்கு வழக்கம்போல ஒன்று. இரண்டாக ஒருபோதும் வேண்டாம். அடுத்த மாத்திரைக்கு நாலு மணி நேரம்கூட இல்லை என்றால் மட்டும் விட்டதை விட்டுவிட்டு, அடுத்ததை அதன் நேரத்துக்குப் போடுங்கள். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

இன்னொரு விஷயம், இதை ராத்திரிதான் போட வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? பழைய மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது, அதைப் போட்டால் தலை சுற்றும், கண்டபடி கனவு வரும், அதனால் படுக்கும் நேரத்தில் போடச் சொன்னோம். அந்தப் பழக்கம் இன்னும் பலரை விடவில்லை. டோலுடெக்ராவிருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம், சிலருக்கு ராத்திரி போட்டால் தூக்கமே வராது, அவர்களைக் காலைக்கு மாற்றிவிடுகிறோம். ஷிப்ட் மாறுகிறவருக்குக் கடிகாரத்தைவிட தினமும் மாறாமல் நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுவது நல்லது. எங்களிடம் வரும் ஒருவர் போனில் அலாரத்துக்கு "சார்ஜ் போடு" என்று பெயர் வைத்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

புரோட்டா சாப்பிட்டால் நெஞ்செரிச்சல். மெடிக்கலில் ஜெலுசில் வாங்கிக் குடிப்பேன். அதுவும் கூடாதா?

குடிக்கலாம், ஆனால் மாத்திரையோடு சேர்த்து இல்லை. அந்த மாதிரி மருந்துகளில் அலுமினியம், மக்னீசியம் இருக்கும். வயிற்றுக்குள் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் ஏற விடாது. டிஎல்டி போட்டு 2 மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முதலில் இதைக் குடித்துவிட்டால் டிஎல்டிக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பேன்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகைக்கு இந்தத் தகராறு இல்லை. புரோட்டாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மேடம், நான் அஞ்சு மாதம் கர்ப்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சத்து மாத்திரையும் ஏஆர்டியும் ஒன்றாகப் போடலாமா? அங்கே கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கேட்டீர்களே, அதுவே நல்லதும்மா. இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் தப்பு செய்திருக்கிறேன்.

சில வருடம் முன்னால் உங்களைப் போல ஒரு பெண். மாத்திரைக் கணக்கு கச்சிதமாக இருக்கும், ஒன்றுகூட மிச்சம் வராது. வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி.யின் அளவு, மட்டும் இறங்கவே இல்லை. கவுன்சிலர் கேட்டார், டாக்டர் கேட்டார், நானும் என் பங்குக்கு "உண்மையைச் சொல்லும்மா, டப்பாவிலிருந்து எடுத்து வெளியே போடுகிறாயா?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் தன் மஞ்சப்பையைக் கவுன்டரில் கவிழ்த்தாள். பச்சை நோட்டு (ஏஆர்டி மையத்தில் நாங்கள் கொடுக்கும் சிகிச்சைக் குறிப்பு நோட்டு), ஸ்கேன் ரிப்போர்ட், எங்கள் டப்பா, கூடவே சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை அட்டை, வெள்ளைக் கால்சியம் மாத்திரை அட்டை. "எல்லாத்தையும் காலையில எழுந்ததும் வெறும் வயித்துல ஒரே மடக்குல போட்டுடுறேன், அத்தை வர்றதுக்குள்ள" என்றாள். அவள் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. நாங்கள்தான் கேட்கவில்லை. கர்ப்பிணி என்று தெரிந்தும், வேறு என்ன போடுகிறாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நேரத்தை மாற்றிக் கொடுத்தோம், மூன்று மாதம் கழித்து எடுத்த வைரல் லோட் இறங்கியிருந்தது.

இரும்பும் கால்சியமும் வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேரக்கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு என்றால் சேர்த்தே போடலாம். அது முடியாவிட்டால் ஜெலுசிலுக்குச் சொன்ன அதே 2 மணி, 6 மணி கணக்கு. சத்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், உங்களுக்கு அதுவும் வேண்டும். டிஎல்டியைக் கர்ப்பத்தில் போடலாம். 2018இல் போட்ஸ்வானாவிலிருந்து, டோலுடெக்ராவிர் போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் குறை கூடுதலாகத் தெரிகிறது என்று ஒரு எச்சரிக்கை வந்தது. பிறகு இன்னும் நிறையப் பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்ததில் அந்தப் பயம் தணிந்துவிட்டது. குழந்தை பிறந்ததும் எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கக் கொடுக்கும் சொட்டு மருந்து, 6 வாரத்தில் குழந்தைக்கு எடுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை, இரண்டையும் இப்போதே கவுன்சிலரிடம் கேட்டுப் பச்சை நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்த மருந்து இயற்கைதானே அக்கா, அதையும் சொல்ல வேண்டுமா?

அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சங்கு பற்பம் என்பது என்ன? சங்கைச் சுட்டது, அதாவது கால்சியம். அயச்செந்தூரம்? இரும்பு. இப்போதுதான் மேலே ஒரு பெண்ணின் கதை சொன்னேன். பெயர் தமிழில் இருப்பதால் வயிற்றுக்குள் வேதியியல் மாறிவிடாது. பாதரசம் சேர்ந்த மருந்துகள் என்றால் சிறுநீரகத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் டெனோஃபோவிர் வெளியே போகும் வழியும் அதுதான்.

சித்தா மேல் எனக்குக் கோபம் இல்லை. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில், ஏஆர்டி இலவசமாகக் கிடைக்காத காலத்தில், எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சித்த மருந்துதான் கொடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்கு வேறு என்ன இருந்தது? அதே மருத்துவமனையில்தான் 2004 ஏப்ரலில் நாட்டின் முதல் இலவச ஏஆர்டி மையங்களில் ஒன்று தொடங்கியது. நெல்லிக்காய் லேகியம் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். "90 நாளில் எச்.ஐ.வி. முற்றிலும் குணம்" என்று போஸ்டர் ஒட்டி, ஆங்கில மருந்தை நிறுத்தினால்தான் பலிக்கும் என்கிறவரைப் பார்த்தால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

மாமாவுக்கு டிபி என்று சொல்லி, ஏஆர்டியோடு சாயங்காலம் இன்னொரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தெரியாமல் இரண்டு முறை கொடுத்துவிட்டார்களோ?

தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள். டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், அதுதான் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது, ஈரலை முடுக்கிவிட்டு டோலுடெக்ராவிரைச் சீக்கிரம் கரைத்து வெளியே அனுப்பிவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மட்டும் தனியாக. டிபி மருந்து முடிந்த பிறகும் 2 வாரம் அது தொடரும், அதனால் அவராக நிறுத்த வேண்டாம். வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன் மூன்றும் ரிஃபாம்பிசின் போலவே செய்யும். டிஎல்டி போடுகிறவர் அவற்றையும் போட்டால் இன்றைக்கே மையத்தில் சொல்லுங்கள்.

சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் போடுகிறேன். டிஎல்டிக்கு மாறியதும் 5 கிலோ ஏறிவிட்டேன்.

டோலுடெக்ராவிர் வந்ததும் எடை ஏறுவது பலருக்கு நடக்கிறது. கொஞ்சம் உடம்பு தேறுவதால், கொஞ்சம் மருந்தால். மெட்ஃபார்மின் விஷயம் கவனிக்க வேண்டியது. டோலுடெக்ராவிர் அதை ரத்தத்தில் கூடுதலாகத் தேக்கி வைக்கும், அதனால் பொதுவாக ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். சுகர் டாக்டருக்கு நீங்கள் ஏஆர்டி போடுவது தெரியாவிட்டால் அவர் பாட்டுக்கு 2000 எழுதிக் கொடுப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்லக் கூச்சம் என்றால் டப்பாவை மட்டும் காட்டுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் அதை வெளியே சொல்லக்கூடாது, 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அப்படி. 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

கிரியாட்டினின் 0.9 இருந்தது 1.1 ஆகிவிட்டது. கிட்னி போகிறதா?

கிரியாட்டினின் என்பது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை எண். டோலுடெக்ராவிர் கிட்னியைக் கெடுக்காமலேயே அந்த எண்ணைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், ஆரம்பத்தில் ஏறி அப்படியே நின்றுவிடும். ஆனால் டெனோஃபோவிர் சிலருக்கு நிஜமாகவே கிட்னியைத் தொடும். எது எது என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும், அதனால் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறீர்களா? போட்டால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

வைரல் லோட் "டார்கெட் நாட் டிடெக்டட்" என்று வந்துவிட்டது. ஒரு ஆறு மாதம் ஓய்வு கொடுக்கலாமா?

கூடாது. பரிசோதனையில் தென்படவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். வைரஸ் போகவில்லை, மாத்திரைக்குப் பயந்து உள்ளே ஒளிந்திருக்கிறது, நிறுத்தினால் சில வாரத்தில் திரும்பி வரும். மஞ்சள் காமாலை பி வைரஸும் கூடவே இருப்பவருக்கு இன்னும் ஆபத்து. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் சேர்த்துத்தான் அடக்கி வைத்திருக்கின்றன, சட்டென்று விட்டால் ஈரல் வீங்கிப் படுக்கையில் போட்டுவிடும். மாத்திரையைத் தொடர்ந்து, வைரல் லோட் 200க்குக் கீழே நிலைத்து இருக்கும்வரை உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. இதை மகிழ்ச்சியாக வீட்டில் சொல்லுங்கள்.

குடிக்கலாமா?

இந்த மாத்திரைக்கும் மதுவுக்கும் நேரடிச் சண்டை பெரிதாக இல்லை. ஆனால் குடித்துவிட்டோமே என்று அன்றைக்கு மாத்திரையை விடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். குடித்திருந்தாலும் மாத்திரையைப் போடுங்கள். ஈரல் பாடு தனிக்கதை.

கூட்டுக் குடும்பம் அக்கா. டப்பாவை எடுத்தாலே கலகல என்று சத்தம். மாத்திரையைக் காகிதத்தில் மடித்து அரிசி டப்பாவுக்குள் வைக்கிறேன்.

கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்த டப்பாவுக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறதே, ஈரத்தை உறிஞ்சுவது, அது சும்மா போட்டதில்லை. காகிதத்தில் மடித்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மாத்திரை பிசுபிசுத்துவிடும். டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு அடைத்துவிடுங்கள், சத்தம் நின்றுவிடும். லேபிளின் மேல் துணி பிளாஸ்டர் ஒட்டலாம், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள ஒரு மூலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு. பிரிட்ஜ் வேண்டாம், அடுப்பு மேல் அலமாரி வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டவே வேண்டாம். வெளியூர் போனால் இரண்டு நாளுக்கு மட்டும் சின்ன டப்பியில் எடுத்துப் போகலாம். அதற்கு மேல் என்றால் முழு டப்பா, கூடவே பச்சை நோட்டு. தீர்ந்துவிட்டால் அந்த ஊர் ஏஆர்டி மையத்தில் நோட்டைக் காட்டிக் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097, கட்டணம் இல்லை.

இந்த மாதம் கொடுத்த மாத்திரை வேறு மாதிரி இருக்கிறது, எழுத்தும் வேறு. மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

பல கம்பெனிகள் இதே மருந்தைத் தயாரித்து அரசுக்குக் கொடுக்கின்றன, அதனால் அளவும் மேலே பொறித்த எழுத்தும் மாறும். லேபிளில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மூன்றும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கேட்காதீர்கள், எங்களிடமே கேளுங்கள். மூன்றும் இருந்தால் இன்றைக்கும் வழக்கமான நேரத்துக்கே போடுங்கள். ஒன்று குறைந்தாலும் டப்பாவை மூடி வைத்துவிட்டு, இன்றைய மாத்திரை நேரத்துக்கு முன்பே மையத்துக்குப் போன் பண்ணுங்கள்.