உகாண்டா போகிறேன், மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் போட்டால் போதுமா?

போதாது.

கம்பெனி அனுப்புகிறது, இரண்டு மாத வேலை, "கார்டு மட்டும் இருந்தா போதும் சார்" என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நான் கோவைக்காரன், மாவு மில் இயந்திரங்கள் பொருத்தும் சர்வீஸ் ஆள். 2018இல் ஜிஞ்சாவில், நைல் ஆறு விக்டோரியா ஏரியை விட்டுக் கிளம்புகிற ஊரில், நாற்பது நாள் இருந்தேன்.

கார்டு என்பது ஊசி போட்டதற்கான சான்றிதழ். அந்தக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். நான் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டேன். ஒரு குப்பியைத் திறந்தால் கையோடு பல பேருக்குப் போட்டு முடிக்க வேண்டிய மருந்து, அதனால் முன்பதிவு, குறிப்பிட்ட நாள் என்றெல்லாம் இருக்கும். போட்டு 10 நாள் ஆன பிறகுதான் கார்டு செல்லும். ஆகவே டிக்கெட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2016 ஜூலையிலிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், தொலைக்காமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், 60 தாண்டியவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். கார்டு இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே 6 நாள் வரை தனியாக அடைத்து வைப்பார்கள். நம் ஊரில் அந்தக் கிருமி கிடையாது, ஆனால் அதைப் பரப்புகிற கொசு, அதுதான் நம்ம டெங்கு கொசு, தாராளமாக இருக்கிறது. அந்தப் பயம்.

விஷயம் என்னவென்றால், கார்டை ஏர்போர்ட்டில் கேட்கிறார்கள், அதனால் எல்லோரும் அதன் பின்னாலேயே ஓடுகிறோம். மலேரியாவுக்கு என்ன செய்தாய் என்று எந்த கவுன்டரிலும் கேட்பதில்லை.

நான் அதையும் அசட்டையாக விடவில்லை. எங்கள் குடும்ப டாக்டர் மலேரியா வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு, முழுங்கியதும் படுக்கக் கூடாது. ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் போட வேண்டும் என்றார். அங்கே இருந்தவரை ஒரு நாள் தவறவில்லை. கோவையில் இறங்கிய அன்று இரவு நிறுத்திவிட்டேன். கொசு அங்கேதானே இருக்கிறது, இங்கே எதற்கு மாத்திரை? இதுதான் என் அறிவு.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் குளிர் தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. பக்கத்து கிளினிக்கில் வைடால் டெஸ்ட் பாசிட்டிவ், டைபாய்டு என்று ஊசி, குளுக்கோஸ். மூன்றாம் நாள் பிளேட்லெட் 42 ஆயிரம் என்றதும் டெங்கு என்று மாற்றிச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தம் எடுக்க வந்த லேப் பெண்தான் முதன்முதலாகக் கேட்டது: "அண்ணா, வெளியூர் எங்கயாச்சும் போனீங்களா?" நான் இருந்த நிலையில் "திருப்பூர்" என்றேன். என் மனைவி, "ஏனுங்க, உகாண்டா போய்ட்டு வந்தீங்களே, அதைச் சொல்லுங்க" என்றாள். ஒரு மணி நேரத்தில் கண்ணாடித் தகட்டில் ஃபால்சிபாரம் தெரிந்துவிட்டது. மலேரியாவில் ஆளைக் கொல்கிற ரகம். ஆர்ட்டிசுனேட் என்கிற மலேரியா மருந்தை ஊசியில் ஏற்றினார்கள், பிழைத்தேன்.

நான்கு வாரக் கணக்கு ஏன் என்று அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கினார். கிருமி முதலில் ஈரலில் போய் ஒளிந்திருக்குமாம். அது ரத்தத்துக்கு வந்த பிறகுதான் இந்த மாத்திரை அதைப் பிடிக்கும். நான் காவலை எடுத்துவிட்டேன், அது வெளியே வந்தது.

கிளினிக் டாக்டரைக் குறை சொல்கிறேன் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். உகாண்டா போனதை நான்தான் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரும் கேட்டிருக்கலாம். நான் டாக்டர் இல்லை, உங்களுக்கு எந்த மாத்திரை என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். திரும்பிய பிறகு ஒரு வாரத்தோடு முடிகிற மாத்திரையும் உண்டு, விலைதான் கூட. "மாத்திரை போட்டால் ஈரல் போய்விடும்" என்கிற வாட்ஸ்அப் வைத்தியர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

வாட்ஸ்அப் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். மலேரியா என்று தெரிந்ததும் சுகாதார ஆய்வாளர் வந்து எங்கள் குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார், நியாயமான வேலை. ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் "பி பிளாக்கில் ஆப்பிரிக்க வைரஸ், குழந்தைகளை அனுப்பாதீர்கள்" என்று ஒருவர் போட்டார். அது வைரஸே இல்லை. என்னைத் தொட்டால் ஒட்டவும் ஒட்டாது, கொசு கடித்தால்தான். நகரத்தில் அந்த மலேரியாக் கொசு முட்டையிடும் இடம் மாடித் தண்ணீர்த் தொட்டி. எங்கள் தொட்டிக்கு மூடி போடச் சொல்லி நான் இரண்டு வருஷமாக அசோசியேஷனுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். குரூப்பில் அந்தச் செய்தியைப் போட்டவர்தான் செயலாளர். மூடி இன்னும் வரவில்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகளையும் டாக்டரிடம் கேளுங்கள். திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன் நீங்கள் "உகாண்டா" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், அங்கே தங்குமிடத்தில் கொசுவலை தருவார்கள். எனக்குக் கொடுத்ததில் தலைமாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. லுங்கி நூலை உருவித்தான் கட்டினேன். பெட்டியில் ஊசி நூல் போட்டுக்கொள்ளுங்கள்.