வெளிநாட்டில் கர்ப்பம்: உதிரம் பட்டால் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: கணவரின் வேலை விசாவில் இங்கிலாந்துக்கு வந்து நான்கு மாதமாகிறது. இப்போது எனக்கு எட்டாவது வாரம். சென்ற ஆண்டு மதுரையில் முதல் கரு ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. இரண்டு நாளாகப் பழுப்பு நிறத்தில் உதிரம் படுகிறது. ஜி.பி. எனும் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில், "மிட்வைஃப் (பேறுகாலச் செவிலியர்) அடுத்த வாரம் அழைப்பார்" என்கிறார்கள். மாமியார் மாத்திரை கொடுத்தனுப்புவதாகவும், அசையாமல் படுத்திருக்கும்படியும் சொல்கிறார். கனமான பெட்டியை மாடிக்குத் தூக்கியதுதான் காரணமா? ஊருக்கே திரும்பிவிடட்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரிக்கு, பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். அதைத் தூக்கியதால் உதிரம் படவில்லை. முதல் மூன்று மாதங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் குரோமோசோம் கோளாறே காரணம். மாடிப்படியோ பப்பாளியோ அல்ல. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் உதிரம் படுகிறது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. பழுப்பு நிறம் பெரும்பாலும் பழைய உதிரத்தையே குறிக்கும். ஆனாலும் பரிசோதிக்காமல் விடக்கூடாது.

கிளினிக்கில் சொன்னது உங்கள் கர்ப்பத்தைப் பதிவு செய்வதற்கான அழைப்பைப் பற்றியதாக இருக்கும். உதிரப்போக்குக்கு அந்த நாட்டில் வழியே வேறு. பல பொது மருத்துவமனைகளில் ஆரம்பகாலக் கர்ப்பத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சில இடங்களில் நாமே அங்கு தொலைபேசியில் பேசலாம், மற்ற இடங்களில் ஜி.பி. அல்லது அவசரமல்லாத மருத்துவ உதவிக்கான 111 என்ற எண் வழியாக அனுப்புவார்கள். ஆகவே இன்றே மறுபடி அழைத்து, "எட்டு வாரக் கர்ப்பம், இரண்டு நாளாக உதிரம் படுகிறது, முன்பு ஒரு கரு கலைந்திருக்கிறது" என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. விசா பெறும்போது ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு வரை மருத்துவக் கட்டணம் வாங்கியிருப்பார்கள்; கர்ப்பகால சிகிச்சையும் அதற்குள் அடங்குவதால் கேட்கத் தயங்க வேண்டாம்.

அந்தத் தனிப் பிரிவில் பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாகவே ஸ்கேன் செய்வார்கள். கூச்சமாக இருந்தால் பெண் ஊழியரைக் கேட்கலாம், அந்த ஸ்கேனால் கருவுக்குத் தீங்கு வராது. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா என்பதே அதில் தெரிய வேண்டியது. துடிப்பு தெரிந்தபின் உதிரம் கூடினாலோ, 14 நாளுக்கு மேல் நீடித்தாலோ மறுபடி வரச் சொல்வார்கள்.

மாமியார் அனுப்பும் மாத்திரை வேண்டாம். அவருடைய அக்கறையில் குறையில்லை. ஆனால் கரு எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியுமுன் மருந்தைத் தொடங்குவது தவறு. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கரு கலைந்திருப்பதால், கரு கருப்பைக்குள் இருப்பது ஸ்கேனில் உறுதியானால், கர்ப்பத்தைத் தாங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை 400 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருமுறை பிறப்புறுப்பில் வைக்கும்படி தரலாம் என்பதும், துடிப்பு உறுதியானால் 16 வாரம் நிறைவடையும்வரை தொடரலாம் என்பதும் 2021 முதல் அந்நாட்டு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அசையாமல் படுத்திருப்பதால் கரு காக்கப்படும் என்பதற்கு ஆதாரமில்லை. வீட்டு வேலையை மெதுவாகச் செய்யலாம்; உதிரம் நிற்கும்வரை தாம்பத்திய உறவைத் தவிர்ப்பது நல்லது, டாம்பன் வேண்டாம், நாப்கின் போதும். எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், என்ன நிறம் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள். தோள்பட்டை நுனியில் வரும் வலியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால், அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசையை உறுத்தும். அந்த வலி தோளில் உணரப்படும். வெளியே படும் உதிரமோ சொற்பமாகவே இருக்கலாம்.

இதனால்தான் ஊருக்குக் கிளம்பும் யோசனையை இப்போது நான் ஏற்க மாட்டேன். நடுவானில் கருக்குழாய் வெடித்தால் அங்கே அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. ஸ்கேன் முடிவு கைக்கு வந்து, உதிரமும் நின்ற பிறகு, போவதா அம்மாவை அங்கே வரவழைப்பதா என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.