அப்பாவுக்கு பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் எத்தனை வருடம் இருப்பார்?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 66 வயது, வலது கை நடுக்கத்துக்காகப் போன இடத்தில் பார்க்கின்சன் என்று உறுதி செய்திருக்கிறார்கள். ஆயுளைப் பற்றி டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை என்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. என் அம்மா பத்தாண்டுகளுக்கு மேல் இந்த நோயோடு இருந்து 81 வயதில் போனார். கடைசிவரை கூடவே இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். கை நடுக்கத்தோடு தொடங்கி, நினைவும் யோசனையும் தெளிவாக இருக்கிற ஒருவருக்கு இந்த நோயால் குறைவது பெரும்பாலும் சில வருடங்கள்தான். அதுகூடக் குறையாதவர்களும் இருக்கிறார்கள். யாராவது சொந்தக்காரர் "ஐந்து வருஷம்தான்" என்று ஆரம்பித்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பயம் பழைய காலத்தது. 1967-ல் மார்கரெட் ஹோன், மெல்வின் யாஹ்ர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் உள்ளவர்களிடையே இறப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. இந்த நோய்க்கு முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரை பரவலாக வருவதற்கு முந்தைய நிலை அது. அந்த மாத்திரை வந்த பிறகு இடைவெளி நன்றாகக் குறைந்தது. மருந்துக் கடையில் மடோபார், சினெமெட் என்று உங்கள் கைக்கு வருவதில் இருப்பதும் அதே லெவோடோபாதான்.

ஆனால் குறைந்ததே தவிர, மறையவில்லை. சிட்னியில் புதிதாக நோய் கண்ட 136 பேரை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவில் 36 பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மறதி நோயும் வந்திருந்தது. அறுபது வயதை ஒட்டி நோய் வந்தவர்களுக்கு 20 ஆண்டு என்பதே எண்பதைத் தொடுகிற கணக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சுவீடனில் நடந்த இன்னொரு ஆய்வு எனக்குத் தெம்பு தந்தது. நோய் கண்டுபிடித்த நேரத்தில் சிந்தனைத் திறன் சரியாக இருந்தவர்கள், அதே வயதுக்காரர்கள் வாழும் அளவுக்கு ஏறக்குறைய வாழ்ந்தார்கள். ஆக, ஆயுளைப் பொறுத்தவரை கை எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட மனம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, நடை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஆரம்பத்திலேயே அடிக்கடி விழுவது, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது, இதெல்லாம் இருந்தால் உடனே டாக்டர் காதில் போட்டுவிடுங்கள். பார்க்கின்சன் மாதிரியே தோன்றி, லெவோடோபாவுக்குச் சரியாகக் கட்டுப்படாத வேறு சில நோய்களும் உண்டு. அவற்றில் ஆயுள் நிஜமாகவே குறைவு. அப்பாவுக்கு மாத்திரை நன்றாகப் பிடிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிடித்தால் அது நல்ல செய்தி.

சரி, உயிர் எதில் போகிறது? இதை யாரும் எங்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். நடுக்கம் யாரையும் கொல்வதில்லை. தொண்டைத் தசை மந்தமாகி, சாப்பாடோ எச்சிலோ நுரையீரல் பக்கம் இறங்கி நிமோனியா ஆவதுதான் பெரிய ஆபத்து. என் அம்மாவும் அப்படித்தான் போனார். புரையேறி இருமினால் நமக்குத் தெரிந்துவிடும். பலருக்கு இருமலே வராமல் இறங்கும். தண்ணீர் குடித்தபின் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் அதுதான் அடையாளம்.

விழுங்கும் சிக்கலையும் கவனிப்பவர் பேச்சு சிகிச்சையாளர்தான். அம்மாவைப் பார்த்தவர் முதலில் நிறுத்தச் சொன்னது ரசம் சாதத்தை. நாங்கள் நோயாளிக்கு இதைவிட லேசான சாப்பாடு கிடையாது என்று நினைத்து அதைத்தான் ஊட்டிக்கொண்டிருந்தோம். சோறு வாயில் இருக்கும்போதே ரசம் மட்டும் பிரிந்து முன்னால் ஓடிவிடும், மந்தமான தொண்டையால் இரண்டையும் ஒருசேரச் சமாளிக்க முடியாது என்று விளக்கினார். அப்புறம் குழைய வடித்த சோற்றில் கெட்டிப் பருப்பைப் பிசைந்து, நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னக் கரண்டியால் கொடுத்தோம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத்தான் சாப்பாடு. கோப்பிக்குக்கூடக் கெட்டியாக்கும் மாவு கலந்தோம். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை, ஆனாலும் குடித்தார். தினமும் பல் துலக்கி வாயைச் சுத்தமாக வைப்பதும் நிமோனியாவைத் தள்ளிப்போடும். சளிக்காய்ச்சல் தடுப்பூசி, நிமோகாக்கஸ் தடுப்பூசி இரண்டையும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) போட்டுக்கொள்ளலாம். 66 வயதில் அப்பா இரண்டுக்குமே தகுதி உள்ளவர்.

அடுத்தது விழுவது. இடுப்பெலும்பு முறிந்து படுத்தால் பிறகு எழுவது கடினம். பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடாக இருந்தால் கழிவறை வாசலில் ஒரு மேடு இருக்கும். காலை இழுத்து நடப்பவருக்கு அந்த மேடே போதும். முதியோருக்கு ஏற்றபடி வீட்டை மாற்றித் தரும் அரசாங்கத்தின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடி, வழுக்காத தரைப்பூச்சு, சின்னச் சாய்தளம் எல்லாம் பெரும் மானியத்தோடு செய்து தருகிறார்கள். 65 வயதைத் தாண்டியவர் வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். விழுந்தபின் செய்யலாம் என்று விடாதீர்கள்.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் மாத்திரை நேரம்தான் உயிர்நாடி. அம்மாவைச் சிறுநீர்த் தொற்றுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்கும் நேரத்தில்தான் அவருக்கும் மாத்திரை வந்தது. வீட்டில் ஏழு மணிக்குப் போடுவது அங்கே பத்தைத் தாண்டியது. அதற்குள் பலகை மாதிரி விறைத்துப்போய், வாயில் வைத்த தண்ணீரை விழுங்க முடியாமல் கிடந்தார். மறுநாள் முதல் மாத்திரை பெயரையும் மணியையும் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலில் ஒட்டினேன். தாதியர் அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வாந்திக்குக் கொடுக்கும் மெடோகுளோப்ரமைடு, குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் இரண்டும் பார்க்கின்சன்காரர்களுக்கு ஆகாது. இந்தப் பெயர்களை உங்கள் போனில் இப்போதே எழுதி வையுங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவில் பணியில் இருப்பவர் நரம்பியல் மருத்துவராக இருக்க வேண்டும் என்றில்லை.

உடற்பயிற்சியை விடக் கூடாது. பீஷானில் இருக்கும் பார்க்கின்சன் சங்கத்தில் குழுவாகப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் நடத்துகிறார்கள். கூட வருகிற குடும்பத்தாரோடு பேசுவதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சிகிச்சைச் செலவுக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். நாட்பட்ட நோய்த் திட்டத்தில் பார்க்கின்சனும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, மனசைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். அப்பா தெளிவாகப் பேசும் இந்த வருடங்களிலேயே அவருக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று கேட்டுவிடுங்கள். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் பற்றி மருத்துவமனையிலேயே பேச ஆள் இருக்கிறார்கள். பின்னாளில் தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை மனத்தெளிவு இருக்கும்போது மட்டும்தான் எழுத முடியும். பின்னாளில் குரல் தணிந்து, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போகும்போது அவர் நினைப்பதை நாம் ஊகிக்க வேண்டி வரும். என் அம்மா, மூக்கில் குழாய் போட்டுச் சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று பல வருடம் முன்னாலேயே சொல்லி எழுதியும் வைத்திருந்தார். அந்த நாள் வந்தபோது அண்ணன் போடச் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். அம்மா எழுதியதை எடுத்துப் பார்த்த பிறகு அண்ணனும் வற்புறுத்தவில்லை.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஆயுளைப் பற்றி நேராகவே கேளுங்கள். அப்படியே பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அப்பா இன்னும் ஒழுங்காகத்தானே விழுங்குகிறார் என்று தள்ளிப்போட வேண்டாம். இப்போதே ஒரு தடவை பார்த்து வைத்தால் பின்னால் மாற்றம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.